மூன்றாம் கூப்பாடு வரைக்கும்

பிளஸ் டூ முடித்தவர்கள் எல்லோரும் கல்லூரியைப் பற்றி வேலை கிடைக்குமா, பஸ் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். நான் விசாரித்தது ஒன்றே ஒன்று. அங்கே டிஜே வைப்பார்களா? மொரப்பூரிலிருந்து உள்ளே தள்ளி, குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் ஆட்டம் என்றால் திருவிழாவுக்குத்தான். அதிலும் ஆடுவது ஆண்பிள்ளைகள். பெண்கள் ஓரமாக நின்று கை தட்டலாம், அதையும் அளவாகத் தட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து அளவாகவே கை தட்டியவளுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

என் ஆசையைக் கிளறிவிட்டவள் பெரியப்பா மகள். பக்கத்து வீடு, என்னைவிட ஒரு வயது மூத்தவள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் முந்தின வருஷம்தான் சேர்ந்திருந்தாள். கொண்டாட்டத்துக்குப் பேர்போன கல்லூரி அது. அடிக்கடி ரீல்ஸ் போடுவாள். கலர் விளக்கு, புகை, குதிக்கிற கூட்டம், நடுவில் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற அக்கா. கூடவே எனக்கு ஒரு மெசேஜ் வரும்: "சீக்கிரம் வாடி."

அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அந்த வீடியோக்களைச் சத்தமில்லாமல்தான் பார்ப்பேன். பாட்டு இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அவளைப் பார்ப்பதில்லை. யாரும் அவள் தோளில் கை போடுவதில்லை. எல்லா வீடியோவிலும் அவளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாகவே இருந்தது. பொறாமையில் குறை கண்டுபிடிக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷர். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடுமாம், பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். அம்மா செல்போனைக்கூட உடனே எடுக்க மாட்டாள். அக்காவுக்கும் எனக்கும் இது பகலிலும் ஊறிப்போய், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது முதல் தடவையில் வாயே திறக்காமல் டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"அக்கா இருக்கற எடந்தான, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று அப்பா சம்மதித்தார். லீவிலும் ஏதோ கிளாஸ் இருக்கிறது, ஹாஸ்டலிலேயே இருக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ரயிலில் போனோம். "காலேஜ் கேட்டுக்கிட்ட நிக்கறன்" என்று அக்கா மெசேஜ் போட்டிருந்தாள். கேட்டில் அவள் இல்லை. போன் அணைத்திருந்தது.

கோடை விடுமுறை, உள்ளே ஆளே இல்லை. வீடியோவில் பார்த்த மைதானத்தைக் கண்டுபிடித்தேன். மேடை பிரித்த சவுக்குக் கட்டைகள் கிடந்தன. தார்ப்பாய் போட்டு மூடிய ஸ்பீக்கர் பெட்டிகள் வரிசையாக நின்றன. அத்தனை கூட்டம் குதித்த இடத்தில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

விடுதி வார்டன் அக்காவின் பெயரைக் கேட்டதும் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் பொண்ணு தீபாவளிக்கு முன்னாடியே நின்னுடுச்சே சார். வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போச்சு."

"பொங்கலுக்கு வந்துட்டு ஹாஸ்டலுக்குத்தானுங்க திரும்பி வந்துச்சு" என்றார் அப்பா.

நான் கடைசி வீடியோவைக் காட்டினேன். "இது எங்க கிரவுண்டுதான், போன மாச ஃபங்ஷன்" என்றவர், சட்டென்று போனை என் கையில் திணித்தார். அவருக்கும் அதை வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

வெளியே வந்து எதிரில் இருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அப்பா தண்ணீர் கேட்டார். கடைக்கோடியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தலையில் துணித்தொப்பி, கடைச் சட்டை. அக்காவுக்கு இருக்கிற மாதிரியே இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. கை அப்படியே நிற்க, டம்ளர் நிறைந்து தண்ணீர் வழிந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். மெதுவாகக் குழாயை மூடினாள். யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் கூப்பாட்டுக்குக் காத்திருக்கிற முதுகு எங்கள் வீட்டு முதுகுதான். நான் வாய் திறப்பதற்குள் பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது தடவை அந்தத் திரையைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அது ஆடிக்கொண்டிருந்தது.

"அது பேரு வேறைங்க" என்றார் கடைக்காரர். "ஊரு திருச்சிப் பக்கம்னு சொல்லுச்சு. காலேஜ்ல ஃபங்ஷன்னா உள்ள ஸ்டால் போடுவோம், அப்ப அதுவும் கூட வரும்."

பின்கதவு திறந்து கிடந்தது. அந்தத் தெருக்களையெல்லாம் சுற்றினோம். கிடைக்கவில்லை. மறுநாள் பெரியப்பா போனபோது அந்தக் கடைக்கும் அவள் திரும்பியிருக்கவில்லை. தங்கியிருந்த அறையில் ஒரு மஞ்சள் சுடிதார் மட்டும் கொடியில் தொங்கியதாம். வீடியோக்களில் அவள் போட்டிருந்தது. போலீசில் சொல்லிவிட்டு வந்தார்கள். அவள் ஏன் படிப்பை விட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "வந்தா வூட்டுக்குள்ள காலெடுத்து வைக்க உடமாட்டன்" என்று பெரியப்பா தெருவே கேட்கக் கத்தினார். அப்புறம் மாட்டுக் கொட்டகையில் போய் அழுதார். பெரியம்மா வாசலைவிட்டு நகரவேயில்லை.

நான் அரூர் பஸ்ஸில் போய்வருகிற கல்லூரியில் சேர்ந்துகொண்டேன். ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது, எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: "நான் அங்க வரல. நீ வந்துடு. உங்க வூட்டுக்குப் பயமா இருந்தா எங்க வூட்டுக்கு வா." பதில் இல்லை. பார்த்துவிட்டாள் என்ற அடையாளம் மட்டும் வந்தது. பார்த்தது அவள்தானா, அவள் போன் வேறு யார் கையிலாவது இருக்கிறதா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டது.

ஆடிக் காற்று காட்டில் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாள். அம்மா அப்போதுதான் விளக்கு வைத்திருந்தாள். வெளியே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மெல்லிய சத்தம், காற்றோ குரலோ தெரியவில்லை. அப்பா டிவியை நிறுத்தினார்.

"எந்திரிக்காத பாப்பா" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "மறுபடி கூப்படட்டும்."

காத்திருந்தோம். மறுபடி கூப்பாடு வரவில்லை. அம்மாவின் பிடி இறுகியது, கை சில்லிட்டிருந்தது. ஒரு தடவையோடு நின்றுபோனால் அது என்னவென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டம்ளரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. கையை உதறிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

வாசலில் யாரும் இல்லை. வண்டிப்பாதையில், தோளில் ஒரு பையோடு, ஒருத்தி ரோட்டைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். இடது தோள் இறங்கியிருந்தது. செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் கூப்பாட்டிலேயே நின்று திரும்பினாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

"மூணு தடவ கூப்படணும்னுதான் வந்தன்" என்றாள். "ரெண்டாவது தடவைக்குச் சத்தம் வரலடி."