முப்பத்து மூன்றில் ஓடிய தட்டு

பார்சல் எங்கள் கம்பெனி கேட்டுக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. செக்யூரிட்டி அதைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், தோசைக்கல்லா? இத்தகூடவா ஆன்லைன்ல வாங்கறீங்கோ?"

நைட் ஷிப்ட் முடிந்து நின்றிருந்தேன். விளக்கத் தெம்பில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே இருந்தது ஓர் இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டு கொண்ட சின்னத் தட்டு, சிங்கிள் என்பார்கள். பாலிடெக்னிக் நாட்களில் நானும் என் நண்பனும் பொன்னேரியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். யாரோ பதிந்து கொடுத்த கேசட்டில் ஒரு வெளிநாட்டு சைக்கடெலிக் ராக் குழுவைத் தேயத் தேயக் கேட்டோம். கிட்டார் நெளிந்து நெளிந்து எங்கோ போகும். அது திரும்பி வரும்வரை இருவரும் பேச மாட்டோம். பிறகு அந்தக் குழு பிரிந்துவிட்டது. எல்லோருக்கும் தலை நரைத்தபின் மறுபடி சேர்ந்து வெளியிட்ட முதல் தட்டு இது.

நண்பன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் இருக்கிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்பை எந்திரச் சம்மட்டிக்கு அடியில் பிடிக்கும் வேலை. போன ஆண்டு மருத்துவ முகாமில் அவன் காதைச் சோதித்தவர்கள், கீச்சென்ற உயர்ந்த ஓசைகள் போய்விட்டன, கனத்த ஓசைகள்தான் கேட்கும், போனது திரும்பாது என்றார்கள். அன்றோடு பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டான். "தண்ணிக்குள்ள முழுகிக்கினு கேக்கற மாதிரி கீது மச்சான். வேணாம் உடு" என்பான். இந்த ஒரு தட்டையாவது அவன் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தான். இருவருக்கும் உட்கார்ந்தால் தூக்கம் வரும் நிலை. வழக்கம்போல் உறையின் பின்பக்கம், முதல்முறை கேட்கும் தேதியைப் பென்சிலால் எழுதினேன்.

"மொதல்ல தேதியப் போடுங்க. பாட்டு மெதுவா வரும்" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

மெதுவாகத்தான் வந்தது. குரல் கனத்து, அடித்தொண்டையில் இழுத்தது. மூட்டை சுமந்து படியேறுகிறவனைப் போல டிரம்ஸ் நடந்தது. வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்தேன். நண்பன் கண்ணை மூடியிருந்தான். அவன் விரல் முழங்காலில் தாளம் போட்டது.

"கேக்குதுடா" என்றான். "வார்த்த வார்த்தையா கேக்குது."

டீயோடு வந்த மனைவி உறையை எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்குது. நீங்க முப்பத்து மூணுல உட்டுக்கினு கீறீங்க? நான் பிளேயர்ல தூசி தொடச்சா மட்டும் அவ்ளோ பாடம் எடுப்பீங்க!"

என்னிடம் இருப்பவை எல்லாம் முப்பத்து மூன்று வேகத்தில் சுற்றும் பெரிய தட்டுகள். பிளேயரில் வேகம் மாற்றும் விசையை, வாங்கியதிலிருந்து நான் தொட்டதே இல்லை. தேதி எழுதிய இடத்துக்குப் பக்கத்திலேயே நாற்பத்தைந்து என்று அச்சிட்டிருந்தார்கள்.

விசையை மாற்றி, முதலிலிருந்து போட்டேன். குரல் எழுந்து நின்றது. கிட்டார் பளிச்சென்று வந்தது, அதே பழைய நெளிவு. கொஞ்ச நேரம் எனக்கு அலுப்பே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். நண்பன் தலையாட்டிக்கொண்டிருந்தான். விரல் நின்றிருந்தது. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். டீக்கடையில் நாலுபேர் பேசும்போது, எதுவும் விளங்காமல் எல்லோர் வாயையும் பார்த்து ஆட்டுவானே, அது.

"சூப்பர் மச்சான்" என்றான், தட்டு நின்றதைப் பார்த்தபின்.

"கேட்டுச்சா?"

டீயைக் குடித்து முடித்தான். "மொதல்ல போட்டியே, அத்தையே போடேன்."

"அது தப்புண்ணா" என்றாள் மனைவி.

"தப்போ ரைட்டோ, எனக்கு அதான் கீதும்மா."

விசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். சரியானதைக் கேட்டுவிட்ட எனக்கு இப்போது அது தாங்க முடியாத இழுவையாக இருந்தது, முடியவே முடியாத ஷிப்ட் மாதிரி. அவன் விரல் மறுபடி முழங்காலுக்கு வந்தது. இரண்டாம் முறை பல்லவி வந்தபோது கூடவே முனகினான்.

"அந்தாண்ட பக்கமும் போடு. இதே மாதிரி" என்றான்.

தட்டைத் திருப்பி வைத்தேன். விசையைத் தொடவில்லை.