அணைக்காத எஞ்சின்

நேற்று சரோஜினி நகர் சிக்னலில் என் ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். டீசல் வாசனை மட்டும் முகத்தில் அடித்தது.

எண்பதுகளில் அப்பா ஒரு பழைய டெம்போ வைத்திருந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்கு அரிசி மூட்டை ஏற்றுவார். அதன் செல்ஃப் சரியாக எடுக்காது. முனிர்கா மெக்கானிக் வாரம் ஒருமுறை கழற்றி மாட்டி, "அப் டீக் ஹை, பையா", இனி சரியாக ஓடும் என்பார். மறுநாள் காலையில் அம்மாவும் நானும் பின்னால் நின்று தள்ளுவோம். குளிரில் தகரம் கையைக் கடிக்கும். ஒருதடவை கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை அப்பா வண்டியை அணைக்கமாட்டார். சாப்பாடுகூட ஸ்டியரிங்குக்கு முன்னால்தான்.

ஒரு ஜனவரிக் காலையில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அவளை உள்ளே உட்காரவைத்து, நானும் பக்கத்து வீட்டு சர்தார்ஜியும் தள்ளினோம். ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவும் இறங்கப் போனார். அம்மா தடுத்தாள்.

"நீங்க வண்டியிலேயே இருங்க. அணைச்சிட்டா யார் தள்றது? வீட்டுக்குத் திரும்பணுமே."

நான்தான் அவளோடு மாடிக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத் தனியாக இறங்கி வந்தேன். அப்பா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் புகை.

"என்னம்மா சொன்னார் டாக்டர்? கிளம்பலாமா?"

"அம்மா செத்துப்போயிட்டாப்பா."

எனக்கு அழுகை வரவில்லை. அப்பா கையை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

சிக்னலில் பச்சை விழுந்தது. பக்கத்து வண்டி ஒரே திருப்பில் கிளம்பிப் போனது.