சண்டை மீனுக்குத் தீனி

பாண்டீஸ்வரி தெருவுக்குள் நுழைந்தாலே பெண்கள் வாளியை ஒளித்து வைப்பார்கள். இராஜபாளையத்தில் நல்ல தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்திருந்து பிடித்து வைத்த தண்ணீர் அது. கொசு ஒழிப்பு வேலைக்காரி இவள், டார்ச் அடிப்பாள். ஒரே ஒரு புழு நெளிந்தாலும் டிரம்மோடு கவிழ்த்துவிடுவாள். "நீ நல்லாயிருப்பியா?" என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். கூடவே போகிற எனக்கும் பாதி வசவு. பரிபூரணம் என்று எனக்குப் பெயர் வைத்து என்ன பிரயோசனம்!

அவள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய நீலச் சண்டை மீன் ஒன்று, அதோடு பொடிப்பொடியாகக் கப்பி மீன்கள். கப்பி குஞ்சு போட்டதும் பிடித்தது வினை. பசித்தால் சண்டை மீன் குஞ்சுகளை விழுங்கிவிடும்.

"ஏட்டி, அவனத் தனியா ஒரு டப்பாவுல போடேன்" என்றேன்.

"போட்டுப் பாத்தேன்க்கா. ரெண்டு நாளா வாடிக் கெடந்தான். வயிறு நெறஞ்சா அவன் குஞ்சத் தொடமாட்டான்."

அந்த வயிற்றை நிரப்ப அவள் கண்ட வழியைக் கேட்டால் ஆத்திரம் வரும். கண்ட வீடுகளில் கிடைத்த கொசுப்புழுவை டீ வடிகட்டியில் அள்ளி, பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு மாதமாக இதே கூத்து. "வேலியே பயிர மேஞ்சா வெளங்குமா?" என்று கத்தினேன். "அன்னன்னைக்குத் தின்னு தீத்துருதான்க்கா" என்று சிரித்தாள்.

பாண்டீஸ்வரிக்குப் பக்கத்து வீட்டு நசீமாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் டெங்கு என்றார்கள். மறுநாள் காலையில் எங்கள் சூப்பர்வைசர் ஞானதுரை எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் இறங்கினார். நசீமா வீட்டில் புழு ஒன்றும் இல்லை. அடுத்தது பாண்டீஸ்வரி வீடு.

படியேறும்போது என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, மிஞ்சின புழு தொட்டிக்குப் பின்னாடி பாட்டில்ல கெடக்கு. மூடுனா செத்துரும்னு தெறந்தே வச்சிருக்கேன். அவரு பாத்தா வேலை போச்சு."

பாவி மகளே!

ஞானதுரை நேரே தொட்டிக்குத்தான் போனார். டார்ச்சை அடித்தார். "என்னம்மா இது, பொடிசா துடிக்குது? கவுத்து."

"மீன் குஞ்சு சார். கண்ணு தெரியுது பாருங்க."

அவர் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தார். நான் பின்பக்கம் கையை விட்டுப் பாட்டிலை எடுத்துப் பைக்குள் செருகினேன். தண்ணீர் சிந்திப் பை நனைந்தது. "அதானே, உன் வீட்டுல புழு கெடக்குமா?" என்று சிரித்தபடி, சுவரில் தொங்கிய அட்டையில் 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியே போனார்.

பாட்டிலைக் கொல்லையில் கொட்டப் போனேன். பாண்டீஸ்வரி அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாலு புழுதான் நெளிந்தது. மேலே மிதந்ததெல்லாம் வெறும் தோல்.

"முந்தாநாள் முப்பதுக்கு மேல கெடந்துச்சுக்கா."

தோல் மிதந்தால் கொசு பறந்துவிட்டது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தவர்களே நாங்கள்தான். இந்த ஒரு மாதத்தில் எத்தனை பறந்ததோ. "வாய மூடு. யாருக்கும் தெரியாது" என்று பிடுங்கி மணலில் கொட்டினேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் தெருவுக்கு வந்தபோது நசீமாவின் கணவர் காதர், கஞ்சி ஃபிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றார். கண் சிவந்திருந்தது. பாண்டீஸ்வரியைப் பார்த்துச் சொன்னார்.

"ரத்த அணு எறங்கிக்கிட்டே போகுது தங்கச்சி. நீ யாரு வீடுன்னாலும் விடமாட்ட, எனக்குத் தெரியும். அந்தக் கொசு எந்த வீட்டுல இருந்து வந்துச்சுன்னு மட்டும் கண்டுபிடி."

நான் அவள் கையைக் கிள்ளினேன். உதறிவிட்டாள்.

"தேட வேண்டாம் பாய். எங்க வீட்டுல இருந்துதான் வந்திருக்கும். நான்தான் வளத்தேன்."

நாலு வீடு தள்ளி நின்ற ஞானதுரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கத்தான் சொன்னாள்.