ஏழாம் நம்பரின் இரண்டு ஃப்ரீ த்ரோ

எங்கள் கோஷ்டியில் யாருக்காவது கல்யாணப் பேச்சு கடைசி நேரத்தில் நின்றுபோனால், "ஃப்ரீ த்ரோ விட்டுட்டான்" என்போம். மகன் தேர்வில் கோட்டை விட்டாலும் அதேதான். எங்களோடு படித்த ஒருவர் இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று காலையில் செத்துப்போனார். சுடுகாட்டு வாசலில் ஒருவன் இதே வார்த்தையை முணுமுணுத்தான். நாங்கள் நான்கைந்து பேர் கர்ச்சீப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தோம். பார்த்தவர்கள் அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர்கள் மானத்தைக் காப்பாற்ற அல்ல. என் பெயர் வரக் கூடாது, அதற்குத் துணையாகத்தான் மற்றவர்கள் பெயரையும் எடுத்துவிட்டேன்.

நான் படித்த கல்லூரி சேலத்துக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே எங்கள் காலத்து பாஸ்கெட்பால் டீம் இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியது. மூன்றாம் வருடம் சொந்த கோர்ட்டிலேயே, ஃபைனலில், ஒரே ஒரு பாயிண்டில் தோற்றது. ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் லீவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் கூடி, அந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பேசுவோம். பேசுவோம் என்பது பொய். நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள்.

எனக்குப் பந்து போடத் தெரியாது. உயரம் கிடையாது, பத்தடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் நாமக்கல்லில் என் மாமாவுக்கு லாரிப் பட்டறை இருந்தது. அங்கிருந்து ஒரு காலி கிரீஸ் டின்னும் வீல் ஸ்பேனரும் எடுத்து வந்தேன். அன்றிலிருந்து நானும் டீமில் ஒருவன் மாதிரிதான்.

டின்னுக்கு ஒரு முறை உண்டு. ஆட்டத்தில் ஒருவனை இடித்துத் தள்ளிவிட்டால், இடிபட்டவனுக்கு ஃப்ரீ த்ரோ கொடுப்பார்கள். கோட்டில் தனியாக நின்று, யாரும் மறிக்காமல், ரிங்கைப் பார்த்துப் பந்து போடலாம். எதிர் டீம் ஆள் அப்படி நிற்கும்போது ரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் டின்னை வெளுத்து வாங்குவேன். அவன் குறி தவறும். எங்கள் ஆள் நிற்கும்போது மைதானமே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். எவனாவது இருமினால் எழுந்து நின்று அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவேன். அந்த அமைதிக்கு நான்தான் போலீஸ்.

அந்த டீமில் நாலாம் நம்பர் பந்தைத் தட்டிக்கொண்டு போனால் எதிராளிகள் இருவர் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். பதினொன்றாம் நம்பர் விடுதி மெஸ் வாசல் நிலையில் தினமும் இடித்துக்கொண்டு நெற்றியில் நிரந்தர வீக்கத்தோடு திரிவான். ரிங்குக்குக் கீழே அவன் சும்மா நின்றாலே போதும். ஏழாம் நம்பர் என்னைவிட ஒரு வருடம் சின்னவன், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமம். அவன் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் ஃப்ரீ த்ரோ விட்டதே கிடையாது. வலது காலைக் கோட்டுக்குப் பின்னால் ஒருமுறை தேய்ப்பான், பந்தை மூன்று தட்டுத் தட்டுவான், போடுவான். வலை மட்டும் அசையும். இதையெல்லாம் நான் சொல்லும்போது எங்கள் ஆட்கள் பிரியாணியை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி ஃபைனல். நான் வருடா வருடம் சொல்லும் ஃபைனல் அல்ல, நடந்த ஃபைனல்.

பாதி ஆட்டம் முடிந்ததும் டீம்கள் பக்கம் மாறும். நானும் டின்னைத் தூக்கிக்கொண்டு எதிர் ரிங்குக்குப் பின்னால் போய்விடுவேன். அன்று கூட்டம் நெரிந்தது, போக வழியில்லை. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அதனால் இரண்டாம் பாதியில் என் எதிரே வந்து பந்து போட்டதெல்லாம் எங்கள் ஆட்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆட்டம் முடியும் விசில் ஊதும் நொடியில் ஏழாம் நம்பரை இடித்துவிட்டார்கள். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் கோப்பை. போலீஸ் வேலைக்கு விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் நம்பரைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் காலைத் தேய்த்தான். மூன்று தட்டுத் தட்டினான். கையைத் தூக்கினான்.

என் கை டின்னில் அடித்தது.

ஏன் என்று இத்தனை வருடமாக யோசித்துவிட்டேன். ரிங்குக்கு எதிரே ஒருவன் கையைத் தூக்கினால் அடிப்பது என்று மூன்று வருடமாகப் பழகின கை அது. வேறு காரணம் இருந்தால் நானே உங்களிடம் சொல்லிவிடுவேன், அதுவாவது கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஒரே அடி. பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது.

அடுத்த நொடியில் டின்னைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து, "எவன்டா அது?" என்று பின்னால் திரும்பிக் கத்தியவன் நான்தான். பின்னால் எதிர்க் கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பிறகென்ன, எங்கள் ஆட்கள் பாய்ந்துவிட்டார்கள். ஒரு பையனுக்கு முன்பல் உடைந்தது. டின் என்னுடையது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அமைதிக்குப் போலீஸே நான்தானே.

எல்லோரையும் அடக்கி உட்கார வைத்தபின் ஏழாம் நம்பர் மறுபடி கோட்டில் நின்றான். போடுவதற்கு முன் ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தான். யாரைப் பார்த்தான் என்று தெரியவில்லை. இரண்டாவது பந்து ரிங்கைத் தொடவே இல்லை.

முதல் வருடக் கூட்டத்தில் நான் கதை சொன்னபோது, "எதிர் டீம் பசங்க டின்னை அடிச்சானுங்க" என்று சொன்னேன். அடுத்த வருடம் அது "ஏதோ ஒரு சத்தம்" ஆயிற்று. அதற்கடுத்த வருடம் சத்தத்தையே எடுத்துவிட்டேன். எடுத்ததும் கதை நன்றாக ஓடியது. மைதானமே அமைதி, வருடம் முழுக்க விடாதவன், இரண்டையும் விட்டான். ஏன் விட்டான்? இந்தக் கேள்வியோடு நிறுத்துவேன். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். எதிர்க் கல்லூரிக் கோச் அவனுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொன்னாராம், அதனால்தான் விட்டானாம். இதை முதலில் சொன்னவர் இப்போது கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பர். நான் மறுக்கவில்லை. சிரித்தேன். கதை சொல்கிறவன் சிரித்தால் போதும், கேட்கிறவனுக்கு அது சாட்சி.

போலீஸ் வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை, வேறு எந்த வேலையும் எவனும் வாங்கித் தரவில்லை. போர்வெல் வண்டியில் ஏறி ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் பூமியில் துளை போட்டுக்கொண்டிருந்தான். வேலைக்காக ஆட்டத்தை விற்றவன் எதற்கடா ரிக் வண்டியில் புழுதி தின்கிறான் என்று எங்களில் ஒருத்தனும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியும், கேட்கவில்லை.

இந்த வருடக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு போன் வந்தது.

"ஏனுங்ண்ணா, நாந்தானுங்க, ஏழாம் நம்பர்."

தன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு உடனே ஞாபகம் வந்திருக்காது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"பாப்பா நம்ம காலேஜ்லயே சேந்திருக்குதுங்ண்ணா. பாஸ்கெட்பால்லதான் சீட்டு. கூட்டத்தன்னைக்கு நம்ம ஆளுங்க முன்னாடி ஒரு மேட்ச் ஆடுறாங்களாமா. நானும் வாரேனுங்க."

"வா, வா. சந்தோஷம்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுங்ண்ணா. அந்தக் கதைய அவ இருக்கறப்ப மட்டும் சொல்லாதீங்க. அப்பன் நல்லா ஆடுனவன்னு நெனச்சுட்டிருக்குது. ஊட்ல நான் வேற ஒண்ணும் சொன்னதில்லீங்க."

"சேச்சே, நான் சொல்வனா?" என்றேன். சத்தியம்கூடப் பண்ணினேன்.

கூட்டத்தன்று சாமியானாவுக்குக் கீழே பிரியாணி அண்டாவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பண்ணைக்காரர் இருந்தார், சேலம் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் இருந்தார். ஏழாம் நம்பர் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, சாப்பிடாமல் நின்றான். முடி பாதி நரைத்து, பற்கள் வெற்றிலையில் சிவந்து, ஒரு தோள் இறங்கியிருந்தது. அவன் மகள், ஆட்ட உடுப்பில், நேராக என்னிடமே வந்தாள்.

"அங்கிள், அந்த ஃபைனல் கதைய நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கப்பா வாயே தொறக்கமாட்டாரு. சொல்லுங்க அங்கிள்."

நான் நாலாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தேன். பதினொன்றாம் நம்பரின் நெற்றி வீக்கத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா ஃப்ரீ த்ரோ போடும் அழகைச் சொன்னபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் வாயை மூடினேன். பண்ணைக்காரர் விடவில்லை.

"ஏப்பா, கடைசி ரெண்டு எங்கப்பா? அதுதானே கதையே! ஃப்ரீ த்ரோ விட்டுட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கும் ஒரு வீராப்பு வந்தது.

"விடல அம்மணி. உங்கப்பன் போடறப்ப ஒரு டின் சத்தம் வந்துது. அதுலதான் கை தவறிப் போச்சு" என்றேன்.

"இதென்னப்பா புதுசா இருக்கு?" என்றார் துணிக்கடைக்காரர். பிறகு அவரே, "அட ஆமா, ஏதோ சத்தம் வந்துச்சுல்ல! சண்டைகூட நடந்துச்சே!" என்றார்.

"யாரு அங்கிள் அடிச்சது?" என்று அவள் கேட்டாள்.

வீராப்பு அந்தக் கேள்வி வரைக்கும்தான் தாங்கியது. "எதிர் டீம் பசங்க" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு கோர்ட்டுக்கு ஓடினாள். பாதி நல்லது செய்துவிட்ட திருப்தியோடு நான் இன்னொரு தட்டுப் பிரியாணி வாங்கிக்கொண்டேன்.

ஆட்டத்தின் பிற்பாதியில் அவளை ஒருத்தி இடித்துவிட்டாள். இரண்டு ஃப்ரீ த்ரோ. எங்கள் சாமியானாவுக்கு நேர் எதிரே இருந்த ரிங். அவள் கோட்டில் வந்து நின்று வலது காலை ஒருமுறை தேய்த்தாள், பந்தை மூன்று தட்டுத் தட்டினாள். மைதானம் அமைதியாயிற்று. கையைத் தூக்கினாள். பண்ணைக்காரர் அண்டா மூடியை எடுத்து, கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது.

"பாத்தியா! அப்பன் கை அப்படியே!" என்று அவர் கத்த, மொத்தக் கோஷ்டியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துணிக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கதைக்குச் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தவன் நான். அதை உடனே எடுத்து அவள் மேலேயே போட்டார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

அந்தக் கூச்சலுக்குள் அவள் இரண்டாவது பந்தைப் போட்டாள். வலை மட்டும் அசைந்தது. எங்கள் ஆட்களில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஏழாம் நம்பர் என்னிடம் வந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஏனுங்ண்ணா, அன்னைக்கு நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க? எனக்கு நேரா இருந்தீங்களா?"

"இல்லப்பா, கூட்டத்துல இன்னொரு ரிங்குப் பக்கம் மாட்டிக்கிட்டேன்" என்றேன்.

"சரிங்ண்ணா" என்றான். கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஓமலூர் ரோட்டில் பஸ் ஏறப் போனான்.

மறுநாள் காலை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பண்ணைக்காரர் எழுதியிருந்தார்: "அப்பனும் ரெண்டு விட்டான். மகளும் ரெண்டு விட்டா." கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். துணிக்கடைக்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ரெண்டாவது விழுந்த மாதிரி இருந்துச்சேப்பா? கதைக்காரரைக் கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்று என் பெயரைப் போட்டுக் கேட்டிருந்தார்.

பண்ணைக்காரர் எழுதியதன் மேல் விரலை வைத்து ஒரு கட்டைவிரல் போட்டேன். அடுத்த தை மாதம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இப்போதே யோசித்து வைத்துவிட்டேன்.