சரக்கறைக் கதவும் ஸ்டேஷன் மணியும்

மாகறல் வீரபத்திரன் இருபத்தேழு வருஷம் கான்ஸ்டபிளாக இருந்தவர். திருடர்களை விரட்டியிருக்கிறார், தேர்க்கூட்டத்தில் மிதிபட்டிருக்கிறார். ஆனால் கேட்டால் 1974-ல் நடந்த ஒன்றைத்தான் சொல்வார்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று, தன் சரக்கறைக் கதவிலிருந்து அரை மைல் தள்ளியிருந்த போலீஸ் ஸ்டேஷன் வரை மின்கம்பி இழுத்திருந்தது. பூட்டிய கதவு நூலளவு அசைந்தாலும் சங்கத்தில் சத்தம் இருக்காது. ஸ்டேஷன் சுவரில் மணி அடிக்கும்.

இன்ஸ்பெக்டர் நிபந்தனைகள் போட்டிருந்தார். மணி அடித்தால் பத்து நிமிஷத்தில் போலீஸ் போகும். சங்கக் காரியதரிசி கோதண்டபாணி சாவியோடு வந்து நிற்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை வீணாக அடித்தால், பழுது பார்க்கும்வரை போலீஸ் வராது.

ஐப்பசி மழையில் கம்பி நனைந்து மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் வீரபத்திரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. இனி வரமாட்டோம் என்று சங்கத்துக்குக் கடிதம் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், தூறலில், மணி மறுபடி அடித்தது.

"விடுப்பா, மழைதான்" என்றார் ஏட்டு அப்பாதுரை.

வீரபத்திரன் காது கொடுத்துக் கேட்டார். மழைக்கு அடித்தால் அது விடாமல் அலறும். இது நாலு தடவை அடித்து நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி நாலு.

"ஏட்டையா, இது மழை இல்ல. யாரோ ஆள் தள்ளிக்கினு இருக்குது."

"லெட்டர் போயிட்டுதுப்பா. மணிக்காக நாம போகக் கூடாது."

"மணிக்காகப் போகல. ரோந்து போறேன், அந்தப் பக்கமா."

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதண்டபாணியைக் கையோடு அழைத்துப் போனார். சரக்கறையைத் திறந்ததும், சங்கத்தில் பெருக்கும் சம்பூர்ணம் நிலைப்படியில் சரிந்து விழுந்தாள். பட்டுக்கு ஈரம் ஆகாதென்று ஜன்னலே இல்லாமல் கட்டிய அறை. அவள் அலமாரிக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்தபோது, கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போயிருந்தார் கோதண்டபாணி. இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

தண்ணீர் குடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"நான் கத்துனது வாசலுக்கே கேக்கலையே. உனக்கு எப்படி சார் தெரிஞ்சிது?"

"கதவைத் தள்ளுனியா?"

"நாலு தள்ளு தள்ளுவேன். மூச்சு வாங்கும், உக்காந்துக்குவேன்."

"அது ஸ்டேஷன்ல கேட்டுச்சும்மா."

கோதண்டபாணி அவள் முன்னால் கைகூப்பி நின்றார்.

நடந்ததைக் கேட்ட இன்ஸ்பெக்டர் நிபந்தனைத் தாளை வாங்கி, தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: வீண் மணி என்று தோன்றினாலும் ஓர் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

திங்கட்கிழமை சம்பூர்ணம் ஸ்டேஷனுக்கு வந்தாள். மணியையும், ஜன்னல் வழியாக வெளியே போகும் கம்பியையும் வெகுநேரம் பார்த்தாள்.

"என் கை இம்மாந்தூரம் வந்துச்சா சார்?"

வீரபத்திரனும் அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.