நான் சொல்லாமல் வைத்திருந்த எண்

ஆறாவது மாதத்தில் எனக்குச் சர்க்கரை வந்தது. இது கர்ப்பத்தில் வருகிற சர்க்கரை, பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. அதுவரைக்கும் கூட இருப்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அவர் சொல்லவில்லை.

செய்தி தெரிந்த அன்றே ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்து முழுக்க டாக்டர்களாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி அரிசியைத் தொடாதே என்றாள். எதிர் வீட்டுக்காரி பாகற்காய்ச் சாற்றோடு வந்து நின்றாள். தொம்மலூரில் நான் ரிசப்ஷனிஸ்டாக இருந்த ஆபீசில், பெயர்கூடத் தெரியாத ஒருத்தி லிஃப்டில் என் வயிற்றைப் பார்த்தபடி, “ஸ்வீட் ஜாஸ்தி சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள். நான் இனிப்புக்கு அலைந்தவளே இல்லை. மிளகாய் பஜ்ஜிக்குத்தான் உயிரை விடுவேன். அதை எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருப்பது?

ஆஸ்பத்திரியில், சாப்பிடக் கூடியது, கூடாதது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கூடியதில் நாலாவதாக ராகி இருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அத்தை என்றால் என் கணவரின் அம்மா.

“அதான் நான் சொல்றேன். கேவுரு கஞ்சி இருக்க இன்னாத்துக்கு பயம்? இருவது வருஷமா எனக்கு சுகரு. அதக் குடிச்சிதான் அடக்கி வெச்சிகீறேன்.”

அடக்கி வைத்திருந்தது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். தலை சுற்றினால் மட்டும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பார். அதில் எண் கூடுதலாக வந்தால் அன்றைக்கு டென்ஷன் என்பார். ஆனால் ராகி விஷயத்தில் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ராகியை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைக்க விடுவார். மாடியில் உலர்த்தி, வாணலியில் வறுத்து, நீலசந்திராவில் இருக்கும் மில்லுக்குத் தூக்கிப்போய், முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி சன்னமாக அரைத்துக்கொண்டு வருவார். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, மோரும் உப்பும் சேர்த்து, காலையில் ஒரு பெரிய டம்ளர், சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர். தனக்கும் அதே, எனக்கும் அதே. நான் குடித்து முடிக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

விரலைக் குத்தி நானே அளந்து நோட்டில் எழுதவேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்று இருபதுக்குள் இருக்கவேண்டும் என்பது டாக்டரம்மாவின் கணக்கு. எனக்கு நூற்று அறுபத்தைந்து வந்தது. மறுநாள் நூற்று எழுபத்திரண்டு. அதற்கும் மறுநாள் நூற்று எண்பது.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, “வீட்ல என்ன ஸ்வீட் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அடுத்த வாரமும் இறங்காவிட்டால் இன்சுலின் என்றார். இப்படியே போனால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை திடீரென்று குறைந்துவிடலாம் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் மீட்டர் போடச் சொல்லி டிரைவரிடம் சண்டை பிடித்தேன். பயம்தான். ஆனால் பயத்தைக் காட்டிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. கோபமாகத்தான் அது வெளியே வரும்.

ஏ.சி. ரிப்பேர் வேலைக்குப் போகும் என் கணவர் அன்று சீக்கிரமே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிஸ்கட் டப்பாவைத் தூக்கி அட்டத்தின் மேல், அதாவது பரணில், வைத்தார்.

“கொழந்தைக்காக சொல்ப நாளு வாயக் கட்டு.”

“எனக்கு என் காலே தெரியல. அட்டத்துல ஏற கிரேன் வருமா?” என்றேன். அவர் டப்பாவை இன்னும் உள்ளே தள்ளிவிட்டார். என்னை நம்பவில்லை.

தாளில் உள்ளபடிதான் எல்லாம் சாப்பிடுகிறேன். பிறகு எண் எங்கிருந்து ஏறுகிறது? நான் திருடித் தின்னவில்லை என்றால் யாரோ எனக்குத் தெரியாமல் போடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். கர்ப்பிணிப் பெண் இனிப்பே சேர்க்காமல் இருந்தால் பிள்ளை வதங்கிப்போகும் என்று அத்தை ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக்குப் போனேன். கஞ்சிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வெல்ல டப்பா திறந்திருந்தது. எனக்கு அது போதும்.

“கஞ்சியில வெல்லம் போடறீங்களா அத்தை?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னா கேட்ட?”

கணவரும் வந்து நின்றார். நான் மறுபடியும் கேட்டேன். இந்த முறை கேள்வியாக இல்லை. “வெல்லம் போட்டு என் வயித்துல இருக்கறத கெடுக்கறீங்க.”

“வத்தக் கொழம்புக்கு எடுத்தேன்டி. என் பேரப்புள்ளைக்கு நானே வெஷம் வெப்பனா?” என்று மகனைப் பார்த்தார். மகன் வெல்ல டப்பாவை எடுத்து மூடி, ஸ்டூல் போட்டு ஏறி, பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ராகி மாவு டப்பாவை என் முன்னால் தள்ளி, “நீயே காச்சிக்கோ” என்றார். எனக்கு அப்போது ஜெயித்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். முதலில் அளந்தேன், தொண்ணூற்றெட்டு. நானே மாவைக் கரைத்துக் காய்ச்சினேன். மோர், உப்பு, வேறொன்றும் இல்லை. குடித்துவிட்டு வாயில் எதையும் போடாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நூற்று எழுபத்தாறு. கையில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவி, வேறு விரலில் குத்தினேன். நூற்று எழுபத்துநாலு.

ஆஸ்பத்திரியில் தாள் கொடுத்த பெண்ணிடம் இதைச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ராகி என்றால் காய் கீரையோடு ஒரு ரொட்டி, இல்லாவிட்டால் சின்னதாக ஒரு உருண்டைக் களி. முளைகட்டி, வறுத்து, சன்னமாக அரைத்து, தண்ணியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறும் என்றாள். அன்றோடு கஞ்சியை விட்டேன். பத்து நாளில் நோட்டில் எல்லாம் நூற்று இருபதுக்குள் வந்தது. இன்சுலின் வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

நான் வீட்டில் சொல்லவில்லை.

சொன்னால் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவர் அதே கஞ்சியைத் தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் காலை அவர் டம்ளரை வாயில் வைத்தபோது, குடிக்கட்டும் என்று நினைத்தேன். வாய் தவறி வந்த நினைப்பில்லை, நன்றாகத் தெரிந்தே நினைத்தேன். “பாத்தியா, டப்பாவ மேல வெச்சதும் எறங்கிடுச்சு” என்றார் கணவர். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். எதுவாக இருந்தாலும் மகன் வழியாகத்தான்.

பெண் குழந்தை பிறந்தது, சரியான எடையில். ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் என் சர்க்கரையும் போயிருந்தது. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

குழந்தைக்கு மூன்றாவது மாதம். அவளைச் சாக்கிட்டு அத்தை என்னோடு ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தார். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே அவளைக் கிடத்திக் குளிப்பாட்டுவார். வெந்நீர் ஊற்றுவது என் வேலை. அன்று சொம்பில் மொண்டது, விளாவாத அண்டாத் தண்ணீர். என் விரலிலேயே சுட்டது. பதறி இழுத்ததில் பாதி அத்தையின் பாதத்தில் கொட்டிவிட்டது. அவர் காலை அசைக்கவே இல்லை. குழந்தையின் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். கட்டை விரலின் அடியில் கறுத்துப்போன புண்.

“இது என்ன?”

“செருப்பு கட்ச்சது. மூணு வாரம் ஆவுது. வலி ஒண்ணும் இல்ல.”

குழந்தையைத் துண்டில் சுற்றித் தூளியில் போட்டுவிட்டு, அலமாரியில் இருந்த, சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து வந்தேன். “விரல நீட்டுங்க” என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் நீட்டினார். முந்நூற்று நாற்பத்திரண்டு.

“கஞ்சிதான குடிச்சேன். ஒரு இட்லி தொடலியே” என்றார்.

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டே கேட்டார்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ஏழாவது மாசம்.”

அதே கையில் விரல் விட்டு எண்ணினார். “அஞ்சு மாசம்” என்றார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு நாள் பார்த்துவிட்டு அந்தக் கால் விரலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டது விரலைப் பற்றி இல்லை.

“நான் வெல்லம் போடலன்னு அப்பவே ஒனக்குத் தெரிஞ்சிபோச்சில்ல?”

“தெரியும் அத்தை.”

“எங்கிட்ட வேணா சொல்லாம இருந்திருக்கலாம். எம் புள்ளகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல. அந்த டப்பா இன்னும் மேலதான் கீது.”

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். வெல்லம் உருகி டப்பாவோடு ஒட்டிப்போயிருந்தது. கீழே இறங்கியபோது கணவர், “அத எதுக்கு எடுத்தே?” என்று கேட்டார். சொன்னேன்.