ஸ்டாஃப் ரூம் போர்டில் ஒரு மூலை

காலையில் எழுந்ததும் வழக்கம்போல் முதல் வேலையாக ஸ்டெல்லா அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை அனுப்பினேன். அப்ரிசிட்டி. பனிக்காலத்து வெயிலின் இதமான சூடு.

அவர் மகளிடமிருந்து பதில் வந்தது. "ஆன்ட்டி, அம்மா விடியகாலைல போயிட்டாங்க."

அனுப்பிய வார்த்தையை அழித்துவிடலாமா என்று யோசித்தபடி நின்றேன். அழிக்கவில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டது.

செஞ்சியில் நான் சயின்ஸ் எடுக்கும் பள்ளியில் அவர் இங்கிலீஷ் டீச்சர். அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஸ்டாஃப் ரூம் போர்டின் மூலையில், இப்போது யாரும் பேசாத ஒரு பழைய ஆங்கில வார்த்தையை எழுதுவார். அர்த்தம் எழுதுவது சாயந்திரம் பெல் அடித்த பிறகுதான்... அதுவரை நாங்கள் ஊகிக்க வேண்டும்.

ஒருநாள் அவர் டிபன் பாக்ஸில் மீன் வறுவல். பி.டி. சார் அந்தப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், குரோக் பண்ணிக்கினு இருக்கீங்க?"

"அப்டினா இன்னா மேடம்?"

"சாப்புடறவங்களயே பேசாம பாத்துக்கினு நிக்கறது. வெக்கப்படாதீங்க, வெள்ளக்காரனும் நின்னுருக்கான். உக்காருங்க, ஒரு துண்டு எடுத்துக்குங்க."

இன்னொரு நாள் போர்டில் ஃபட்ஜெல். வேலை செய்வதுபோல் பாவனை செய்வது என்று அர்த்தம். அப்போதிருந்த கரஸ்பாண்டன்ட் வந்து கேட்க, பி.டி. சார் பயத்தில் "கடுமையா உழைக்கறது சார்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு விழாவில் மைக் பிடித்து, "நம்ம டீச்சர்ஸ் வருஷம் பூரா ஃபட்ஜெல் பண்றாங்க" என்று கரஸ்பாண்டன்ட் பெருமையாகப் பேசினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அப்புறம் கேன்சர். வீட்டில், சர்ச்சில், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் "சரியாயிடும்" என்றே சொன்னோம். நானும்தான்.

போன மாதம் படுக்கையிலிருந்து ஒரு வார்த்தை அனுப்பினார். வான்ஹோப்.

டிக்‌ஷனரியைப் பார்த்தேன். நம்பிக்கை அடியோடு அற்றுப்போன நிலை. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். ஆறுதலாக எதையும் சேர்க்கக் கை வரவில்லை.

உடனே போன் செய்தார். "சரியாயிடும், சரியாயிடும்னு சொல்லியே எல்லாரும் என்னிய தனியா உட்டுட்டாங்க வாசுகி. நீ ஒருத்திதான் உள்ளத சொன்ன."

அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை... அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று பள்ளி குரூப்பில் எனக்கு ஒரு மெசேஜ். "ஸ்டெல்லா மேடம் எழுதுற இடத்துல நாளைக்கு பாசிட்டிவ்வா ஒரு வார்த்த எழுதிடுங்க மேடம். போட்டோ எடுத்து போடலாம்."

பாசிட்டிவ்வாக... அப்படி ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. இருந்த வார்த்தைகளையெல்லாம் யாருக்கு அனுப்பினேனோ, அவர் இல்லை.

மதியம் அடக்கம். அதே அவலூர்பேட்டை பஸ்ஸில் நான் இன்று எதிர்த்திசையில் போகிறேன். தூங்குங்கள் அக்கா.

நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் அந்த மூலையில் வான்ஹோப் என்று எழுதப்போகிறேன். சாயந்திரம்வரை வைத்திருக்காமல், அர்த்தத்தையும் பக்கத்திலேயே.

இதை எழுதும் இந்த நிமிடம்வரை யாரிடமும் சொல்லவில்லை.